ஒரு குண்டுக்கு இடம்

குண்டுகள் விழும்போது சத்தம் வரக் கூடாது. அதற்காகத்தான் எனாமல் தட்டில் பழைய துண்டை மடித்துப் போட்டு, வண்டியின் கழுத்துக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவி லூர்து தூங்குகிறாள். இந்த வாரம் அவளுக்கு இரவு டூட்டி. காலையில் சேலத்து ஆஸ்பத்திரி வாசலில் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்தேன். சாயங்காலம் மறுபடி மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் விட வேண்டும். அதற்குள் இந்த ஷெட்டில் துண்டு துண்டாகக் கிடப்பதெல்லாம் ஒரு வண்டியாகிவிட வேண்டும். முன்சக்கரம் கோணிச் சாக்கின் மேல் படுத்திருக்கிறது. ஹேண்டில் பார் தன் கேபிள்களோடு டேங்கின் மேல் சாய்ந்து கிடக்கிறது. எஞ்சினுக்கு அடியில் கொடுத்த சில்வர் ஓக் மரக்கட்டையைக் காலால் தட்டிப் பார்க்கிறேன், அசையவில்லை. அசையக் கூடாதது அசையாமல் இருந்தால் போதும். மற்றதைத்தான் இன்றைக்குக் கண்டுபிடிக்கப் போகிறேன். ஹேண்டில் ஆடுகிறது. மழைக்கு முன்னாலிருந்தே ஆடுகிறது. வளைவில் இல்லை, பிரேக் போடும்போது இல்லை. நேர் ரோட்டில், ஒன்றும் செய்யாமல் சும்மா போகும்போது, இடது பக்கப் பிடியில் ஒரு சின்ன உதறல், பல்லி வால் துடிப்பதுபோல. ஆடுவது வண்டியா, நானா. பழைய கிண்ணத்தையும் குண்டையும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது வைத்து, அளவாக முடுக்கிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. அதன் பிறகும் ஆடினால் அது வண்டி இல்லை. அப்படியானால் என் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு இந்த மலை முழுக்கத் தூங்கி வருகிறவளை நான் இனி ஏற்றக் கூடாது. இவ்வளவுதான் கணக்கு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

மூன்றாம் வகுப்புக்கு என்றால் இதை எப்படிச் சொல்வேன். ஒரு கிண்ணம். கிண்ணத்தின் ஓரமாகச் சுற்றிலும் இரும்புக் குண்டுகள். குண்டுகளின் மேல் ஒரு கூம்பு வந்து உட்காருகிறது. கழுத்தின் மேலே இப்படி ஒரு ஜோடி, கீழே இப்படி ஒரு ஜோடி. நடுவில் ஒரு தண்டு. நீங்கள் ஹேண்டிலைத் திருப்பும்போது கூம்பு திரும்புகிறது, குண்டுகள் உருளுகின்றன, கிண்ணம் அப்படியே இருக்கிறது. தண்டின் தலையில் ஒரு வளைய நட்டு. அதைத் தளர்த்தினால் தண்டு கடகடவென்று ஆடும். மிகவும் இறுக்கினால் குண்டுகளால் உருள முடியாது. ஆட்டமும் கூடாது, இறுக்கமும் கூடாது, பிள்ளைகளே, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. இதைக் கரும்பலகையில் வரைந்தால் வட்டம் வட்டமாக அழகாக வரும். வருமா. போன மாதம் வாய்பாடு எழுதிப் போட்டபோது கடைசி வரிசையிலிருந்து ரோஸ்லின் எழுந்து நின்று, "சார், நீங்க எறும்பு மாதிரி எழுதுறீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் முதல் வரி என் எழுத்தாக இருந்தது, அடுத்த வரி கொஞ்சம் சின்னது, கடைசி வரி உண்மையாகவே எறும்புகள். சாக்பீஸ் ஈரம் என்றேன். இந்த ஊரில் எது ஈரமில்லை. ஆனால் நான் எழுதுவது வலது கை. உதறுவது இடது கை. அது வேறு, இது வேறு. அதையும் இதையும் சேர்க்கக் கூடாது. இப்போது வளைய நட்டைக் கழற்ற வேண்டும். வேலையைப் பார், மகிமை.

நட்டு அசைய மறுக்கிறது. அசையாது, ஏனென்றால் இதை இவ்வளவு இறுக்கி வைத்தவன் நான்தான். முதல் தடவை உதறல் தெரிந்தபோது அடிவாரத்தில் நசீரிடம் கொண்டுபோனேன். அவர் முன்சக்கரத்தைத் தூக்கி, அதைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிட்டு, "வண்டி ஆடல சார். ரோடுதான் ஆடுது" என்றார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதனுக்குத் தன் வண்டி தெரியாதா. வீட்டுக்கு வந்து நானே ஒரு பிடி முடுக்கினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததா, அல்லது கவனித்துக்கொண்டே ஓட்டியதால் கையை அழுத்திப் பிடித்திருந்தேனா. அழுத்திப் பிடித்தால் உதறல் வருவதில்லை. மூன்றாம் நாள் கவனம் போனது, உதறல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒரு பிடி. அடுத்த ஞாயிறு இன்னும் ஒரு பிடி. கோயிலுக்குப் போய் வந்து சட்டையை மாற்றியதும் ஸ்பேனர் என்று ஆகிவிட்டது. லூர்து ஜன்னல் வழியாகப் பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். போன வாரம் பலாமரத்து வளைவில் ஹேண்டில் திரும்பிவிட்டு நேராக வர மறுத்தது. ஏதோ ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டதுபோல நின்றது. நான் தள்ளினேன், அது வெடுக்கென்று அந்தப் பக்கம் போனது, எதிரே காய்கறி வேன். டிரைவர் என்ன திட்டினான் என்று காதில் விழவில்லை. முதுகில் லூர்துவின் கன்னம் ஒருமுறை எழுந்து மறுபடி படிந்தது, அது மட்டும் தெரிந்தது. அன்றைக்கே போய் நசீரிடம் கிண்ணம், கூம்பு, குண்டு எல்லாம் அடங்கிய புது கோன் செட் கேட்டேன். "இந்தப் பழைய யெஸ்டி பைக்குக்கா? சார், நீங்க வண்டி ஓட்டுறீங்களா, இல்ல வளக்குறீங்களா?" என்றார். ஆனாலும் பரண் மேல் ஏறித் தேடி ஒரு பெட்டியை எடுத்துத் தந்தார். "நானே போட்டுத் தர்றேன், விட்டுட்டுப் போங்க." வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன். அவர் கழற்றிப் பார்த்தால் என்ன தெரிந்துவிடும் என்று பயந்தேன். இதோ, நட்டு ஒரு முனகலோடு விட்டுக்கொடுக்கிறது.

ஃபோர்க்கை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மெல்ல இறக்குகிறேன். மேல் கிண்ணத்திலிருந்து ஒன்று, இரண்டு, பிறகு கீழேயிருந்து பொலபொலவென்று, கறுத்த கிரீஸோடு, துண்டின் மேல். சத்தமில்லை. உள்ளே கட்டிலும் கிரீச்சிடவில்லை. பனி ஷெட்டின் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல. கிண்ணத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கிறேன். துடைத்ததும் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன். குழிகள். ஒவ்வொரு குண்டும் தனக்கென்று ஒரு குழி தோண்டிக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்திருக்கிறது. அதனால்தான் ஹேண்டில் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. வண்டிதான். பார், வண்டிதான், நீ இல்லை. அந்த ஆறுதலோடு ஒரு நிமிடம் கிண்ணத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நிறுத்தியிருக்கலாம். அதற்கு மேல் பார்க்காமல் தட்டிக் கழற்றி மூலையில் போட்டிருக்கலாம். ஆனால் விரல் நுனி குழிகளைத் தடவிக்கொண்டே போகிறது, ஒவ்வொன்றாக, விடாமல், வட்டம் முழுக்க. எல்லாம் ஒரே ஆழம். தளர்ந்துபோய் ஆடிய கழுத்து என்றால் இப்படி இருக்காது. ரோட்டின் ஒவ்வொரு மேடும் சக்கரத்தை முன்னும் பின்னும்தான் அடிக்கும். அப்போது முன்னால் இருக்கும் குழியும் பின்னால் இருக்கும் குழியும்தான் ஆழமாக இருக்கும், பக்கங்கள் வழுவழுவென்று இருக்கும். இங்கே சுற்றிலும் ஒன்றுபோல. மேல் கிண்ணத்திலும் அப்படியே. இது மேலிருந்து அழுத்தியது. இது நட்டு. இது ஞாயிற்றுக்கிழமைகள். இந்தக் கழுத்து ஆடவே இல்லை. ஆடாத ஒன்றை ஆடுகிறது என்று சொல்லிச் சொல்லி இறுக்கி, இறுக்கி, நான்தான் இதைக் கெடுத்தேன்.

கிண்ணத்திலிருந்து கையை எடுக்கிறேன். இடது கை முழங்காலின் மேல் இருக்கிறது. பார்க்கிறேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு குண்டை உருட்டுகின்றன. நான் உருட்டச் சொல்லவில்லை. நிறுத்து என்றால் நிற்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுத்தால் நின்றுவிடுகிறது, நல்ல பிள்ளைபோல. வேலை இருந்தால் ஆடாது. வேலை இல்லாவிட்டால் ஆடும். சரி, வேலை இருக்கிறது. எழுந்து போய்விடலாமா, பழையதையே மாட்டிவிட்டு நசீரைக் கூப்பிடலாமா என்று ஒரு யோசனை தலையை நீட்டுகிறது. கூடாது. தொடங்கியதை முடிக்க வேண்டும். கெடுத்தவன்தான் சரிசெய்ய வேண்டும். வண்டி என்ன பாவம் செய்தது. கழுத்துக் குழாய்க்குள் கம்பியை விட்டு, பழைய கிண்ணத்தின் விளிம்பில் வைத்து, சுத்தியலுக்குத் துணி சுற்றி, ஓரத்துக்கு ஒரு தட்டாக மாற்றி மாற்றித் தட்டுகிறேன். ஒரே பக்கம் தட்டினால் கோணிக்கொண்டு நிற்கும். கிண்ணம் இறங்கி விழுகிறது. புதியதைக் கட்டை வைத்துத் தட்டி உட்காரவைக்கிறேன். உட்கார்ந்துவிட்டது என்பது சத்தத்திலேயே தெரியும்; பொத்து பொத்தென்றிருந்தது ணங்கென்று மாறும். அந்த ணங் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். உள்ளே ஓர் இருமல், பிறகு ஒன்றுமில்லை. தூங்கட்டும். நைட் டூட்டிக்காரியின் பகல் தூக்கம் கண்ணாடிச் சாமான்.

முதல் தடவை அவள் வண்டியில் தூங்கியது எந்தப் பெருநாளின்போது. அது நினைவில்லை, கட்டியதுதான் நினைவிருக்கிறது. தலை ஒருமுறை சாய்ந்து நான் பதறிப்போய் நிறுத்தினேன். அவள் தன் தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து, என் வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து, தன் இடுப்பைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். "இப்ப ஓட்டுங்க. விழுந்தா ரெண்டு பேரும் விழுவோம்" என்றாள். அதிலிருந்து தினமும் அப்படித்தான். வார்டில் அவளோடு வேலை பார்க்கும் விமலா சிஸ்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மகிமை சார், உங்கள கட்டிப்போட்டுக் கூட்டிட்டுப் போறா?" என்பார். "அவுத்து விட்டா ஓடிருவாரு சிஸ்டர்" என்பாள் லூர்து. அடிவாரம் தாண்டும் முன் அவள் மூச்சு கனத்துவிடும். வளைவுகளில் என்னோடு சாய்வாள், தூக்கத்திலேயே, ஒரு பொட்டலம் சாய்வதுபோல. ராத்திரி முழுக்க எத்தனை பேர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தவளோ, எத்தனை பேருக்குக் கண்ணை மூடிவிட்டவளோ, தன் கண்ணை என் முதுகில் வந்து மூடுகிறாள். அந்த முடிச்சை நினைக்கிறேன். விழுந்தால் இரண்டு பேரும். பலாமரத்து வளைவுக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிகள்தான் தெரியும்.

கிரீஸ் புதிது, தேன் நிறம். கிண்ணத்தில் தாராளமாக அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கிறேன். இடது கை கழுத்துக் குழாயைப் பிடித்துக்கொள்ள, வலது கை பதிக்கிறது. சுற்று முடிந்ததும் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. இன்னும் ஒரு குண்டு வைக்கலாம்போல இருக்கிறது. பெட்டியிலும் ஒன்று உபரியாக இருக்கிறது. வைக்கக் கூடாது. நசீரின் கடையில் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு அதுதானாம். இடம் இருக்கிறதே என்று நிறைத்துவிடுவார்களாம். நிறைத்தால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு எதுவுமே உருளாது. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைக்கும்போது ஓர் ஆள் இடம் விடுவதில்லையா, அப்போதுதானே கையைக் காலை அசைக்க முடியும். ஒரு குண்டுக்கு இடம். உபரியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். ஃபோர்க்கை நேராகப் பிடித்து மேலே ஏற்றுகிறேன், கனக்கிறது, தோளைக் கொடுத்து நிறுத்துகிறேன், மேல் கூம்பை வைக்கிறேன், வளைய நட்டைக் கையாலேயே திருகுகிறேன். ஸ்பேனரால் ஒருமுறை நன்றாக இறுக்கி, குண்டுகள் தங்கள் இடத்தில் அமர்வதற்காக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, பிறகு தளர்த்தி, மறுபடி கை அளவுக்கு. முன்சக்கரம், மேல் தகடு, ஹேண்டில். இனிமேல்தான் உண்மையான வேலை. மேலேயுள்ள பூட்டு நட்டை இறுக்கும்போது கீழே இருப்பதும் ஒரு மயிரிழை சேர்ந்து இறுகும். அந்த மயிரிழையை முன்கூட்டியே விட்டு வைக்க வேண்டும். முதல் தடவை கூடிப்போனது. கழற்றுகிறேன். இரண்டாவது தடவை குறைந்தது. கழற்றுகிறேன். பொறுமைக்குக் குறைச்சல் இல்லை. வாய்பாடு சொல்லிக்கொடுத்தவன் நான்.

மூன்றாவதில் சரியாக வந்ததுபோல இருக்கிறது. ஹேண்டிலை நடுவில் நிறுத்தி விரலால் ஒரு தள்ளு. தானாக, தன் கனத்தில், அந்தப் பக்கம் போய் விழுகிறது. இந்தப் பக்கம் ஒரு தள்ளு. விழுகிறது. எங்கும் மாட்டவில்லை. இறுக்கம் இல்லை. ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஃபோர்க்கின் காலை ஒரு கையால் முன்னும் பின்னும் இழுத்துவிட்டு, கழுத்தும் ஃபோர்க்கும் சேருமிடத்தில் மறு கை விரலை வைத்து, உள்ளே டிக்கென்று ஏதாவது தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வலது கையால் இழுத்து இடது விரலை வைக்கிறேன். தட்டுகிறது. சும்மா வைத்த விரல் அல்லவா, அதுவே தட்டுகிறது. கையை மாற்றுகிறேன். இடது கையால் இழுத்து, விட்டு, இழுத்து. விடுகிற நேரம் பார்த்து உதறல் வந்து ஃபோர்க் வழியாக ஏறி வலது விரலுக்கு வந்து சேருகிறது. எப்படி மாற்றினாலும் நடுவில் அந்தக் கை இருக்கிறது. வியர்க்கிறது. இந்தக் குளிரில் வியர்க்கிறது. என் கை இல்லாமல் இதைப் பார்க்க ஒரு வழிதான் உண்டு, இன்னொருவர் கை.

"டீ ஆறுது."

லூர்து. சால்வையைப் போர்த்திக்கொண்டு ஷெட் வாசலில் நிற்கிறாள், இரண்டு டம்ளர்களோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள்.

"சத்தத்துல முழிச்சிட்டியா?"

"அதெல்லாம் எப்பவோ. என்ன, உங்க பேஷண்ட் பொழைச்சுதா?"

"நீதான் பாத்துச் சொல்லணும். இங்க வா. இந்த எடத்துல விரல வை. நான் இழுப்பேன். உள்ள ஏதாவது தட்டுதா பாரு."

டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். விரலை வை என்றால் ஒரு விரலை வைக்கவில்லை. மூன்று விரல்களைச் சேர்த்து, நாடி பார்ப்பதுபோல வைத்தாள். தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டாள். நான் வலது கையால் இழுத்தேன். விட்டேன். இழுத்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"நாடியே இல்ல. சுத்தமா அடங்கிப் போச்சு" என்றாள்.

"வெளையாடாத. சரியாப் பாரு."

"சரியாத்தான் பாத்தேன். ஆட்டம் துளிகூட இல்லங்க."

அவ்வளவுதான். எனக்குத் தேவையான பதில் வந்துவிட்டது. கழுத்து ஆடவில்லை. அன்றைக்கும் ஆடவில்லை, இன்றைக்கும் ஆடவில்லை. எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை வரிசைப்படுத்துகிறேன், கரும்பலகையில் எழுதுவதுபோல, ஒவ்வொரு வரியும் சின்னதாகிக்கொண்டே போகிறது. "லூர்து, இன்னிக்குச் சாயங்காலம் உன்ன வண்டியில..." அவள் விரல்கள் இரும்பை விட்டு எடுபட்டன. என் முதுகுக்குப் பின்னால் போய், அங்கே ஒளிந்திருந்த கையை எடுத்து முன்னால் கொண்டுவந்து, மணிக்கட்டில் அதே மூன்று விரல்களை வைத்தாள். கை அவள் உள்ளங்கையில் தன் குண்டை உருட்டிக்கொண்டிருந்தது.

"நான் இப்பெல்லாம் வண்டியில தூங்குறதில்லங்க" என்றாள். "கண்ண மூடிட்டு இருக்கேன், அவ்வளவுதான்."

"எப்பலேருந்து?"

"மழைக்கு முன்னாடியே."

முதுகில் எழுந்து மறுபடி படிந்த கன்னம். கனத்த மூச்சு. அதைக்கூட அவள் எனக்காகவே விட்டிருக்கிறாள்.

"தெரிஞ்சும் ஏறினியா?"

"பின்ன? நீங்க ஓட்டுறீங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா ஞாயித்துக்கெழமையானா ஸ்பேனரத் தூக்கிட்டுப் போயி அத முடுக்கிட்டு வர்றீங்க. சரி, மனுஷனுக்குக் கொஞ்சம் நேரம் வேணும்னு விட்டேன்." டம்ளரை எடுத்து என் வலது கையில் கொடுத்தாள். "அன்னிக்கு அந்த வேன் வந்தப்பதான், இனிமே விடக் கூடாதுன்னு நெனச்சேன். நாளைக்குக் காலையில நரம்பு டாக்டர் வர்றாரு. டூட்டி முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன்னு இன்னிக்குச் சொல்லணும்னு இருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

"நான் எங்க முந்திக்கிட்டேன்."

"வண்டியில வேணாம்னு சொல்ல வந்தீங்கல்ல. அது போதும்."

டீ ஆறித்தான் போயிருந்தது. குடித்துவிட்டு, பூட்டு நட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். அதற்கு இனி ஒரு பிடிகூடத் தேவையில்லை. கையை நட்டிலிருந்து எடுத்தேன். எடுக்க முடிந்தது. சக்கரத்தின் அச்சு, பிரேக் கேபிள், ஹெட்லைட் ஒயர் எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கட்டையை உருவி, வண்டியைத் தன் காலில் நிற்கவைத்தேன். யார் ஓட்டினாலும் இனி நேராகப் போகும். கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கும் வரைக்கும் அவள் அவசரப்படுத்தவில்லை. பிறகு நசீருக்கு போன் செய்து, வண்டியை வந்து எடுத்துப்போய் அவர் கடையிலேயே ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னேன். "என்ன சார், வளத்தது போதுமா?" என்றார். "போதும்" என்றேன். "நல்லாப் பாத்துக்கிறேன் சார், கவலைப்படாதீங்க" என்றார்.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. லூர்து உள்ளே உட்கார்ந்தாள், நான் இந்தப் பக்கம். நாளைக்கு லீவு என்று ஹெட்மாஸ்டருக்குச் சொல்லியாகிவிட்டது. ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், காலையில் டாக்டரின் எதிரே கையை நீட்டுவேன், மடியில் சும்மா போட்டு அவர் பார்க்கும்படி ஆடவிடுவேன். எறும்பு எழுத்தையும் சொல்வேன். அதையும் இதையும் சேர்த்தே சொல்வேன். பையில் அந்த உபரிக் குண்டு கனமில்லாமல் கிடந்தது. பஸ் முதல் வளைவில் திரும்பியபோது லூர்து சால்வையை அவிழ்த்து, பழக்கத்தில் என் வயிற்றைச் சுற்றிக் கொண்டுவரப் போனவள், நிறுத்திக்கொண்டு, விரித்து இரண்டு பேர் மடியிலும் போட்டாள். சால்வைக்கு அடியில் என் இடது கையைத் தேடி எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அது ஆடியது. நான் அழுத்திப் பிடிக்கவில்லை. பலாமரத்து வளைவு வந்தபோது அவள் தலை என் தோளில் விழுந்து, வாய் லேசாகத் திறந்துகொண்டது. கீழ் உதட்டின் ஓரத்தில் எச்சில் வழிந்தது. மூடிய கண்ணுக்கும் தூக்கத்துக்கும் வித்தியாசம் இதுதானா, இத்தனை நாள் திரும்பிப் பார்க்க முடியாததால் எனக்குத் தெரியவில்லை. தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.